சுயசான்றும் சட்டகமும்

தமிழ்நாடு அரசு 2024 ஜூலை 22 அன்று தொடங்கிய சுயசான்று முறைக் கட்டட அனுமதித் திட்டம், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை எழுப்பப்படும் வீடுகளுக்கு, அவை தரைத்தளம் மட்டுமோ அதனுடன் முதல் தளமும் கொண்டவையோ ஆயின், அலுவலர் எவரும் மனையைப் பார்க்காமலேயே இணையவழியில் உடனடி அனுமதி வழங்குகிறது. தம் வீடு விதிகளுக்கு உட்பட்டது என உரிமையாளர் தாமே சான்றளிப்பதுதான் இதன் அடிப்படை. இத்திட்டத்தைப் போற்றுவோரின் வாதங்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது ஒன்று உண்டு. சிறு வீட்டைக் கட்டுபவர் அதில் தாமே குடியிருக்கப் போகிறவர். தம் தலைமேல் விழும்படி எவரும் கூரை போடமாட்டார். ஆகவே அவ்வீட்டின் உறுதியைச் சோதிப்பது அரசின் வேலையன்று என்பது அவ்வாதம். கேட்கும்போது நியாயமாகத் தோன்றினாலும், தாம்பரத்துக்குத் தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் என ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் பெருகிவரும் வீடுகளின் நடப்போடு அது ஒட்டுவதில்லை.

திட்டத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. முந்தைய முறையில் ஓர் எளிய வீட்டுக்கான கோப்பு மேசை மேசையாக நகர்வதற்குள் மாதங்கள் கழிந்தன. ஒவ்வொரு நகர்வும் கையூட்டுக்கு வாய்ப்பாக அமைந்தது. சலித்துப்போன பலர் அனுமதியே பெறாமல் கட்டினர். அந்த அலைச்சலைச் சுயசான்று பெருமளவு ஒழித்திருக்கிறது. முன்பு மனைக்கு வந்துபோன அலுவலரும் எல்லைக்கல்லையும் காலியிடத்தையும் அளந்தாரேயன்றித் தூணையும் கம்பியையும் சோதித்தாரில்லை என்பதால், புதிய முறை நல்ல வழக்கம் எதையும் கெடுத்துவிட்டதாகவும் சொல்ல இயலாது. ஆயினும் குற்றச்சாட்டு தொடங்குவதே இந்தக் கடைசி உண்மையில்தான். பழைய முறையின் பெருங்குறையைச் சுயசான்று நீக்கவில்லை. அதை வேகப்படுத்தி, சட்டத்தின் ஒப்புதலோடு நிலைப்படுத்தியிருக்கிறது.

ஒரு வீடு விதிகளுக்கு இணங்குகிறதா என்னும் கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. வீடு எங்கே, எவ்வளவு இடத்தை அடைத்து நிற்கிறது என்பது முதற்பகுதி. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மிக விரிவாகப் பேசுவது இதைத்தான். செட்பேக் எனப்படும் பக்க இடைவெளி, சாலையின் அகலம், உயரம், மனைப்பரப்புக்கும் கட்டப்படும் பரப்புக்கும் உள்ள விகிதமான தளப்பரப்புக் குறியீடு ஆகியவை எண்களாகவே தரப்பட்டிருப்பதால் இவற்றைக் கணினியும் சரிபார்த்துவிடும். வீடு எதனால் நிற்கிறது என்பது இரண்டாம் பகுதி. அது சட்டகத்தைப் பற்றியது. அதாவது வீட்டின் எடையையும் காற்று, நிலநடுக்கம் ஆகியவற்றின் விசையையும் வாங்கி மண்ணுக்கு இறக்கும் அஸ்திவாரம், தூண், பீம், கூரைத்தளம் ஆகியவற்றின் இணைப்பைப் பற்றியது. இதற்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிநூல்களும் இருக்கின்றன. அவற்றைப் பின்பற்ற வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கிறது. பின்பற்றப்பட்டதா என்று பார்க்கும் ஒருவர் மட்டும் சிறு வீட்டின் வரலாற்றில் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். மூன்றரை மீட்டருக்கு மூன்றரை மீட்டர் பரப்பைத் தாங்கும் ஓர் உள்தூண், தளத்தின் எடை, சுவர், தரைப்பூச்சு, குடியிருப்புக்கு நெறிநூல் விதிக்கும் சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்கச் சுமை எல்லாம் சேர்ந்து, தளம் ஒன்றுக்குச் சுமார் 14 டன்னை ஏற்கிறது. தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டில் அத்தூண் இறக்கும் எடை 28 டன் அளவாகும். சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் மண்ணில் அதற்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் பக்கமுள்ள சதுர அடித்தளம் போதும். பின்னாளில் மேலும் இரண்டு தளங்கள் ஏறினால் எடை 56 டன்னாகி, அடித்தளத்தின் பக்கம் 1.9 மீட்டருக்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்றாகிறது. ஆனால் அது ஏற்கெனவே மண்ணுக்குள் மூடப்பட்டுவிட்டது. இக்கணக்கு கற்பனையான அச்சமன்று. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தைச் சுற்றிய பொத்தேரித் தெருக்களில் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகவே எழும் வீடுகள் பல. அடுத்த மாடியை எதிர்பார்த்து மொட்டைமாடியில் நீட்டிவிடப்பட்ட தூண்கம்பிகள் மழையில் துருவேறி நிற்பது இப்புறநகரின் அன்றாடக் காட்சி. மண்ணும் ஒரே சீரானதன்று. மலையடிவாரத்தில் பாறையும், பழைய ஏரிப்பாசன வயல்களை மனைகளாக்கிய இடங்களில் நீர் பட்டால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களியும் கிடைக்கின்றன. மண் பரிசோதனை அறிக்கை இல்லாமலேயே அனுமதி கிடைக்கும்போது, சதுர மீட்டருக்கு 15 டன் என்பதே ஊகமாகிவிடுகிறது.

மறைந்திருக்கும் கம்பியின் கதை இதனினும் கவலைக்குரியது. 2002ஆம் ஆண்டின் திருத்தத்தில் சென்னை நிலநடுக்க வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. நிலநடுக்கத்தின்போது கான்கிரீட் சட்டகம் முறியாமல் வளைந்து கொடுக்கும்படி கம்பி கட்டும் முறையை வகுக்கும் ஐ.எஸ். 13920 நெறிநூல், அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, மூன்றாம் மண்டலத்துக்கும் உரியது. தூணின் குறைந்தபட்ச அகலம் 300 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றும், தூணைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனை 135 பாகை மடங்கி உட்புறக் கான்கிரீட்டுக்குள் செல்ல வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஒன்பது அங்குலச் சுவருக்குள் துருத்தாமல் அடங்க வேண்டும் என்பதற்காக ஒன்பது அங்குல, அதாவது 230 மில்லிமீட்டர் அகலத் தூணே இங்கு நடைமுறை. ரிங்கின் முனையைச் செங்கோணமாக மடித்துவிடுவதும் பரவலான பழக்கம். மேஸ்திரியோ கம்பி கட்டுபவரோ இதில் குற்றவாளிகள் அல்லர். வேறு விதமாகச் செய்ய வேண்டும் என்று அவர்களிடம் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் சென்ட்ரிங் மேல் ஏறி நின்றதில்லை.

வெளிநாட்டு நடைமுறைகளுடன் ஒப்பிட்டால் குறை மேலும் தெளிவாகும். அமெரிக்காவின் பெரும்பாலான சிறு வீடுகள் மரச்சட்டகத்தால் ஆனவை. அவற்றுக்கான சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு, எந்த மரவகை, எந்தத் தரம், எவ்வளவு இடைவெளியில் வைத்தால், சதுர அடிக்கு 40 பவுண்டுப் புழக்கச் சுமைக்கு எவ்வளவு நீளம் தாவலாம் என்பதை அட்டவணைகளாகவே தந்துவிடுகிறது. அச்சுமை இந்திய நெறிநூலின் 200 கிலோவுக்கு ஏறத்தாழச் சமம். அட்டவணைக்குள் அடங்கும் வீட்டுக்குத் தனிக் கணக்கீடு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வரைபடத்தை அட்டவணையோடு ஒப்பிட்டே சோதித்துவிடலாம். அதோடு நில்லாமல், அஸ்திவாரக் குழி தயாரானதும் ஒருமுறையும், சட்டகம் முழுதும் எழுந்து உட்சுவர்ப் பலகை மூடுவதற்கு முன் மற்றொரு முறையும் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும் என்பது அத்தொகுப்பின் விதி. மரச்சட்டகத்தில் பிழை நேர்ந்தால் பலகையைப் பெயர்த்துப் பார்க்கலாம், ஆணி அடிக்கலாம், தாங்குகட்டை சேர்க்கலாம். கான்கிரீட்டுக்கு அந்த வாய்ப்பில்லை. கம்பி கட்டி முடித்ததற்கும் கான்கிரீட் கொட்டுவதற்கும் இடைப்பட்ட ஓரிரு நாட்களே அதன் உட்புறத்தைக் கண்ணால் காணக்கூடிய காலம். பிறகும் திறந்து பார்க்கக்கூடிய சட்டகத்துக்கு அங்கே கட்டாய ஆய்வு இருக்க, ஒருமுறை மூடினால் திறக்கவே இயலாத சட்டகத்துக்கு இங்கே ஆய்வில்லை.

ஜப்பானின் அனுபவம் சுயசான்றின் ஆதரவாளர்கள் அவசியம் படிக்க வேண்டிய பாடம். தகுதிபெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இரண்டு மாடி வரையிலான சிறு மரவீடுகளுக்குச் சட்டகச் சோதனையிலிருந்து 1980களின் முற்பகுதியில் அந்நாடு விலக்களித்தது. கையெழுத்திடுபவரை நம்பலாம், அலுவலகங்களின் பணிச்சுமை குறையும் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். தமிழ்நாட்டில் இன்று கேட்பதும் அதுவே. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஏப்ரல் முதல் இரண்டு மாடி மரவீடுகள் அந்த விலக்கிலிருந்து வெளியேற்றப்பட்டன. 200 சதுர மீட்டருக்கு மிகாத ஒற்றைத்தள வீடுகளுக்கே அது எஞ்சியிருக்கிறது. வெப்பக்காப்பும் சூரியத் தகடுகளும் சேர்ந்து வீடுகளின் எடை கூடியது இம்மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. எடை கூடினால் நம்பிக்கை மட்டும் போதாது என்று கட்டுமான ஒழுங்குக்குப் பெயர்பெற்ற ஒரு நாடு முடிவுக்கு வந்த வேளையில், எடை தளம் தளமாகக் கூடும் ஊரில் நம்பிக்கையே முறையாக்கப்பட்டிருக்கிறது.

பெரிய கட்டடங்களே ஆபத்தானவை, சிறியவை தாமே நிற்கும் என்று வாதிடுவோர் வழக்கமாக 2014 ஜூன் 28 அன்று 61 உயிர்களைப் பலிகொண்ட மௌலிவாக்கம் அடுக்குமாடிச் சரிவைச் சுட்டுவர். அந்தக் கட்டடமும் அனுமதி பெற்றதே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அனுமதி ஒன்று, உறுதி வேறொன்று என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2001 ஜனவரி 26 அன்று புஜ் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் சரிந்தவற்றுள் பெரும்பாலானவை வானளாவிய கட்டடங்கள் அல்ல. வாகனம் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்ட, நான்கைந்து மாடிகளே கொண்ட நடுத்தரக் குடியிருப்புகள். இரண்டு மாடி அனுமதியில் தொடங்கி நான்கு மாடியில் முடியும் புறநகர் வீடு சென்று சேரும் உயரமும் அதுவே. தம் தலைமேல் விழும்படி எவரும் கூரை போடமாட்டார் என்ற வாதமோ இங்கே முற்றிலும் பொருளிழக்கிறது. பொத்தேரி வாடகை வீட்டின் கூரைக்குக் கீழே உறங்குபவர் வெளியூரிலிருந்து படிக்க வந்த மாணவர்; சான்றளித்த உரிமையாளர் வேறிடத்தில் வசிப்பவராக இருக்கலாம். தாமே குடியிருக்கும் உரிமையாளர்க்கும் ரிங் முனையின் கோணம் தெரிந்திருக்க நியாயமில்லை. தமக்குத் தெரியாத ஒன்றுக்குச் சான்றளிக்குமாறு ஒருவரைக் கேட்பது அவரை நம்புவதாகாது, பொறுப்பை அவர்மேல் இறக்கிவைப்பதே ஆகும்.

மாற்று வழி கடினமானதும் அன்று, பழைய அலைச்சலை மீட்பதும் அன்று. பொதுப்பணித் துறையும் அண்ணா பல்கலைக்கழகமும் சேர்ந்து, மண்வகை, தளங்களின் எண்ணிக்கை, தூண்களின் இடைவெளி ஆகியவற்றுக்கேற்ப அடித்தள அளவு, தூண் அளவு, கம்பி விவரம் ஆகியவற்றைச் சிறு வீடுகளுக்கான அட்டவணையாக வெளியிடலாம்; அதில் அடங்கும் வீட்டுக்கு இன்றைய வேகத்திலேயே அனுமதி கிடைக்கட்டும். அஸ்திவாரக் குழியிலும், ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடுவதற்கு முன்பும், உரிமையாளரிடம் சம்பளம் பெறாத ஒரு பதிவுபெற்ற பொறியாளர் நேரில் பார்த்து ஒப்பமிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த ஒப்பமின்றிக் கூடுதல் தளத்துக்கு மின் இணைப்பு வழங்கப்படலாகாது. இவை நடைமுறைக்கு வரும்வரை, சுயசான்று முறையில் கிடைக்கும் தாள் மனையை இன்ன அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்னும் ஒப்புதல் மட்டுமே. வீட்டின் உறுதியைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை வாங்குவோரும், வாடகைக்கு வருவோரும், அதை நம்பிக் கடன் கொடுக்கும் வங்கிகளும் அறிந்திருக்க வேண்டும். அந்த உண்மையை அத்தாளின் முகப்பிலேயே அச்சிடும் நேர்மையையாவது அரசு காட்ட வேண்டும்.