வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்து

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்து ஓய்ந்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகளோடு அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார். நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் பிறகு வாசலில் மனுதாரர்களின் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போது கந்துவட்டித் தடைச் சட்டத்துக்கு வயது 14. அந்தச் சட்டத்தின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மிரட்டிப் பணம் பறிப்பது பழைய தண்டனைச் சட்டத்திலேயே குற்றம்தான். ஆனால் அங்கே வட்டிக்காரரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: “நான் கொடுத்த பணத்தைத்தானே கேட்டேன்?” பறித்தல் என்று நிரூபிக்க நேர்மையற்ற நோக்கம் வேண்டும், இந்த ஒரு பதிலில் அந்த நோக்கம் ஆட்டம் கண்டுவிடும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. அரசு நிர்ணயித்த வீதத்துக்கு மேல் வட்டி வாங்குவதே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். மீட்டர் வட்டி, தண்டல் என்று கடைத்தெருவில் புழங்கும் பெயர்களையே சட்டத்தில் ஏற்றினார்கள். துணிச்சலான வேலை அது.

சறுக்குவது சாட்சியத்தில். முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு பெண் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி போக 9,000தான் கைக்கு வரும். தொகை எழுதாத புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து. கூடவே ஒரு வெற்றுக் காசோலை. மாதம் ஆயிரமாக ஓராண்டு கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும். கட்டியதற்குச் சீட்டு கிடையாது. புகார் என்று போனால், அந்தத் தாளில் 1,00,000 என்று தொகை ஏறும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமோ கையெழுத்தை நம்பும். கடன் இவ்வளவு இல்லை என்று காட்டும் சுமை அந்தப் பெண்ணின் தலையில்.

2003 சட்டமும் கடன் வாங்கியவரை நம்பும் இடம் ஒன்று உண்டு. அவர் தற்கொலை செய்துகொண்டு, அதற்குச் சற்றுமுன் துன்புறுத்தப்பட்டதும் தெரியவந்தால், துன்புறுத்தியவரே தூண்டியவர் என்று கொள்ளப்படும். உயிரோடு வந்து மனுவோடு நிற்கிறவருக்கு இந்த நம்பிக்கையில் பாதியாவது கிடைக்க வேண்டாமா?

பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பணம் பறித்தலுக்கான தண்டனையை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டாக உயர்த்தியது. “என் பணம்தானே” என்ற பதிலை அது தொடவில்லை. தேவை வேறு திருத்தம்: கந்துவட்டிப் புகார் வந்துவிட்டால், தாளில் உள்ள தொகையை உண்மையிலேயே கொடுத்தேன் என்று வட்டிக்காரர்தான் காட்ட வேண்டும்.

காசோலை வழக்கிலிருந்து தப்பப் பொய்யாகக் கந்துவட்டிப் புகார் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனதோடு கைமாற்று கொடுத்தவர் அதில் சிக்கக்கூடும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று வருமானவரிச் சட்டமே சொல்கிறது. லட்ச ரூபாய் கொடுத்தவரிடம் வங்கிக் கணக்கைக் காட்டு என்பது அநியாயமான கேள்வி அல்ல.