கதவைப் பிடித்து ஆடிய குழந்தைகள்

கதை எழுதுகிற நண்பர்கள் பலரிடம் ஒரே புலம்பல். புத்தகம் போகலை, படிக்க ஆள் இல்லை, அப்புறம் எதுக்கு சார் எழுதணும்? நான் பி.காம். படித்தவன். லாப நஷ்டக் கணக்குப்படி பார்த்தால், அவர்கள் கேட்பது நியாயம்தான்.

ஆனால், கி.ராஜநாராயணனிடம் வந்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. கோவில்பட்டி பக்கம் இடைசெவல்காரர், விவசாயி. பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. இளவயதில் காசநோய் வேறு. 1958-ல் ‘சரஸ்வதி’யில் ‘மாயமான்’ வந்தபோதே வயசு முப்பதைத் தாண்டியாச்சு. 2021 மே மாதம் 98 வயசில் காலமாகும் வரை, மனுஷருக்குக் கதை சொல்வது அலுக்கவே இல்லை.

எங்கிருந்து வந்தது அந்தத் தெம்பு? அவருடைய ‘கதவு’ சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழை வீட்டுக் குழந்தைகள் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். டிக்கெட் எல்லாம் உண்டு! தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதையும் விளையாட்டு என்று நினைத்துப் பின்னாலேயே போகின்றன பிள்ளைகள். பிறகுதான் வாடைக்காற்று வருகிறது. கதவில்லாத அந்த வீட்டில் கைக்குழந்தை செத்துப்போகிறது.

இதில் நம்பிக்கை எங்கே என்கிறீர்களா? முடிவில் தேடாதீர்கள். முதலில் அந்தப் பிள்ளைகளை ஆசை தீர விளையாட விடுகிறாரே, அங்கே இருக்கிறது. அந்தக் கும்மாளத்தை ரசிக்கத் தெரியாத ஆள் எழுதியிருந்தால், கதவு போனது நமக்கு வலித்திருக்காது. வெறும் வறுமைக் கணக்காகப் போயிருக்கும்.

எல்லாமே இப்படி அமைந்துவிடவில்லை. 1991-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலின் பின்பாதியில் சுதந்திரப் போராட்டத் தகவல்கள் குவியக் குவிய, அந்த ஊர் மனிதர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். ரசித்தவர் ஒதுங்கி, தகவல் சொல்பவர் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

இதே மனிதர்தான் கரிசல்காட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வட்டார வழக்குக்கென்று ஓர் அகராதியே போட்டவர். காசுக்காகச் செய்கிற வேலையா அது? அந்தப் பேச்சைக் கேட்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை, அவ்வளவுதான்.

நீங்கள் கதை எழுதுகிறவரா? விற்பனைக் கணக்கைப் பதிப்பாளர் பார்த்துக்கொள்வார். உங்கள் தெருவில் எந்தப் பிள்ளை எந்தக் கதவில் தொங்குகிறது என்று பார்த்து வையுங்கள்.