விரிதாளை எவ்வளவு நம்பலாம்?

மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 100000001, 100000002, 100000003. இவற்றின் திட்ட விலக்கம் என்ன? சராசரி 100000002. அதிலிருந்து விலகல்கள் -1, 0, +1. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 2. எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 2 ஆல் வகுத்தால் 1. அதன் வர்க்கமூலமும் 1. இதற்குக் கணிப்பொறியே தேவையில்லை. ஆயினும், உலகெங்கும் அலுவலகங்களிலும் ஆய்வகங்களிலும் புழங்கிய எக்செல் என்னும் விரிதாள் மென்பொருள், 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை, இத்தகைய எண்களுக்குப் பிழையான விடை தரக்கூடியதாக இருந்தது.

பிழை எங்கிருந்து வந்தது? பாடநூலில் நாம் படிக்கும் ஒரு சுருக்கு வழியிலிருந்துதான். எண்களின் வர்க்கங்களைக் கூட்டு. எண்களின் கூடுதலை வர்க்கப்படுத்தி எண்ணிக்கையால் வகு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. நம் மூன்று எண்களுக்கு முதலாவது 30000001200000014. இரண்டாவது 30000001200000012. வேறுபாடு 2, சரியான விடைதான். ஆனால் இவை 17 இலக்க எண்கள். எக்செல் கையாளும் துல்லியமோ ஏறத்தாழ 15 இலக்கம். கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாகிவிடும். கழித்தால் பூச்சியம்! சூத்திரத்தில் தவறில்லை. கணக்கிட்ட வழிதான் தவறு. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில், முதலில் சராசரியைக் கண்டு, பிறகு விலகல்களை வர்க்கப்படுத்தும் முறை வந்தது. நாம் மேலே கையால் செய்த அதே முறை!

பெரிய மதிப்பு ஒன்றைச் சுற்றிச் சிறிதளவே ஏறி இறங்கும் அளவீடுகள் இயற்பியலில் ஏராளம். ஆகவே இது ஏதோ மூலையில் கிடந்த பிழையன்று. 1999இல் மெக்கலா, வில்சன் என்னும் இருவர், எக்செல் 97 பதிப்பைச் சரியான விடை முன்பே உறுதிசெய்யப்பட்ட தரவுகளைக் கொண்டு சோதித்தனர். புள்ளியியல் ஆய்வுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே எச்சரித்தனர். திருத்தம் அதன் பிறகுதான் வந்தது.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, அண்மைக்காலப் புதுமைகளைப் பார்ப்போம். அவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: புதிதாகச் சேர்ப்பவை, பழைய பிழையைத் திருத்துபவை. விளம்பரம் முதல் வகைக்கே கிடைக்கிறது. அறிவியலுக்குப் பெரிதும் உதவுவது இரண்டாம் வகை என்பது என் கருத்து.

2010ஆம் ஆண்டுப் பதிப்பில், மாதிரிக்கான திட்ட விலக்கத்துக்கு எஸ்டிடெவ்.எஸ் என்றும், முழுத்தொகுதிக்கு எஸ்டிடெவ்.பி என்றும் பெயர்கள் அமைந்தன. முன்னது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும். பின்னது எண்ணிக்கையாலேயே வகுக்கும். பெயர் மாற்றம் மட்டுந்தானே என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் ஐந்து முறை ஊசலை ஆட்டி அளந்தால், அது மாதிரியா முழுத்தொகுதியா என்று பெயரே உங்களைக் கேட்கிறது.

அடுத்தது, 2018இல் அறிவிக்கப்பட்டுப் பின்னர் பரவிய தானே விரியும் அணி வசதி. தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். நீளத்துக்கும் அலைவுநேர வர்க்கத்துக்கும் வரைபடம் வரைந்து, நேர்கோட்டின் சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்கிறோம். வரைபடத்தில் சேர்க்கும் போக்குக்கோடு சாய்வைத் தரும். அந்தச் சாய்வில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதைத் தராது. லைன்எஸ்ட் என்னும் சார்பு இரண்டையும் தரும். முன்பெல்லாம் அதற்காகக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும். அதனால் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது ஒரு கட்டத்தில் எழுதினால் முழு அட்டவணையும் தானே விரிகிறது. மாணவருக்கு மெய்யாகவே பயன்படும் புதுமை இது.

2023 ஆகஸ்டில் எக்செலுக்குள் பைத்தான் மொழி அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் வணிகப் பயனாளர்களுக்கு முழுமையாகக் கிடைத்தது. தேர்ந்த புள்ளியியல் நிரல்களைக் கட்டத்துக்குள்ளேயே அழைக்கலாம். பாராட்டத்தக்கதே. ஆனால் கணக்கு நடப்பது உங்கள் மேசையில் அன்று. நிறுவனத்தின் தொலைதூரக் கணிப்பொறிகளில். இணைய இணைப்பு இல்லையேல் கணக்கும் இல்லை. இது சிறு குறையன்று.

இனி ஒரு வேதனையான கதை. எக்செல், கட்டத்தில் எழுதியதைக் கேளாமலே தேதியாக மாற்றும் பழக்கம் உடையது. மரபணுக்களுள் மார்ச்1, செப்ட்2 போன்ற பெயர் உடையவை உண்டு. அவை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று நாள்களாகிவிட்டன! எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான ஆய்வுக்கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருப்பதை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருள் அசையவில்லை. இறுதியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே பெயர்களை மாற்றியது! தானியங்கு மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி 2023 அக்டோபரில்தான் வந்தது. கருவிக்காக அறிவியல் வளைந்துகொடுத்தது. கருவி பிறகுதான் திருந்தியது.

அப்படியானால் குறை முழுதும் மென்பொருளுடையதா? இல்லை. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே ஒரு தாளின் வரிசைகள் 65,536இலிருந்து 10,48,576 ஆக உயர்ந்துவிட்டன. எனினும் 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா சோதனை முடிவுகளைத் திரட்டப் பழைய கோப்பு வடிவத்தையே பயன்படுத்தியது. தாள் நிரம்பியபின் வந்த முடிவுகள் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று. புதுமை வந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. பயன்படுத்தியவர்கள்தாம் பழைய இடத்திலேயே நின்றார்கள்.

2025 ஆகஸ்டில் சோதனை நிலையில் வெளிவந்த கோபைலட் சார்பு, செய்ய வேண்டியதைச் சாதாரண மொழியில் எழுதினால் விடை தருகிறது. துல்லியமோ, மறுபடி செய்தால் அதே விடையோ தேவைப்படும் இடத்தில் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிட்ட நிறுவனமே அறிவுறுத்தியது. அறிவியலில் அவ்விரண்டும் தேவைப்படாத இடம் எது?

ஆகவே என் மதிப்பீடு இதுதான். விரிதாள் இன்று 1999இல் இருந்ததைவிட நம்பத்தக்கது. ஆனால் விடை எந்த வழியில் வந்தது என்பதை அது இன்றும் தானாகச் சொல்வதில்லை. அதைக் கேட்பது நம் கடமை. புதிய சார்பு எதைப் பயன்படுத்தினாலும், விடை தெரிந்த சிறு கணக்கு ஒன்றை முதலில் கொடுத்துப் பாருங்கள். அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் இதற்கெனவே உறுதிசெய்த விடைகளுடன் தரவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இணைப்பு இல்லாவிட்டாலும் கவலையில்லை. முதலில் எழுதிய மூன்று எண்கள் உங்கள் தாளில் இருக்கின்றனவே! தராசில் பொருளை வைக்குமுன் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? விரிதாளும் ஓர் அளவைக் கருவிதான்.