ஏலத்தில் சந்தேகமும் நியாயமும்

1995-ஆம் ஆண்டு செப்டம்பரில், கலிபோர்னியாவில் பியர் ஒமித்யார் என்ற இளைஞர் தாம் அப்போதுதான் தொடங்கியிருந்த இணைய ஏலத் தளத்தில், பழுதாகிப்போன ஒரு லேசர் கோலை விற்பனைக்கு வைத்தார். அதை ஒருவர் 14 டாலர் 83 சென்ட்டுக்கு ஏலம் கேட்டார். வேலை செய்யாத பொருளுக்கு இவ்வளவு தொகையா, பழுதானது என்று தெரிந்துதான் கேட்டாரா என்ற ஐயம் விற்றவரைப் பற்றிக்கொள்ள, அவர் எழுதி விசாரித்தார்; பழுதான லேசர் கோல்களைச் சேகரிப்பதே தமது வழக்கம் என்று பதில் வந்ததாம். பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்ற ஸ்தாபனத்தின் முதல் விற்பனையைப் பற்றி வழங்கிவரும் இக்கதையை, இணைய ஏலத்தில் விற்போர் அனைவரும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சந்தேகம் எழுந்தது, அது இயல்பு. ஆனால் அந்தச் சந்தேகம் கேட்டவரை வெளியேற்றும் தண்டனையாக முடியாமல், அவரிடம் விளக்கம் கேட்கும் கடிதமாக முடிந்தது.

கண்ணெதிரே நடக்கும் ஏலத்தில், ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவுகிறவருக்கு எதிரே நிற்கிறவரின் முகமும், அவருடைய ஊரும், அவர் சென்ற ஆண்டு பணம் கட்டினாரா என்ற செய்தியும் அனேகமாகத் தெரிந்திருக்கும். இணைய ஏலத்தில் இவை ஒன்றும் கிடையா. கேட்கிறவர் ஒரு புனைபெயர். அவருடைய வாக்குறுதி ஒரு பொத்தானின் அழுத்தம். இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பது 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில் தெரிந்தது. ஒரு மனிதச் சிறுநீரகம் விற்பனைக்கு என்று யாரோ அதே தளத்தில் அறிவிக்க, சட்டவிரோதமான அந்த ஏலத்தை ஸ்தாபனத்தார் நிறுத்துவதற்குள் தொகை 57 லட்சம் டாலருக்கு ஏறிவிட்டது. கேட்டவர்களில் ஒருவரேனும் அத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பார் என்று எண்ண இடமில்லை. சொல்லுக்கு விலை இல்லாத இடத்தில் தொகைக்கு எல்லை ஏது?

ஆகவே விற்பவருக்குச் சில அதிகாரங்களை ஸ்தாபனம் கொடுத்திருக்கிறது. நம்பிக்கையில்லாத ஒருவரின் கேள்வியை ஏலம் முடியுமுன் ரத்து செய்யலாம். அவர் பெயரைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். முன்பு பொருள் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர்கள் தம் ஏலத்துக்குள் வராதபடி முன்கூட்டியே தடுக்கலாம். ஏலம் முடிந்தபின் வென்றவர் நான்கு நாட்களுக்குள் பணம் செலுத்தாவிட்டால் விற்பனையை ரத்து செய்து, அடுத்தபடியாகக் கேட்டவருக்கு 'இரண்டாம் வாய்ப்பு' என்று பொருளை அளிக்கலாம். இவை அவசியமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏழு நாள் காத்திருந்து, பெட்டி கட்டி, முகவரிக்காகப் பார்த்திருக்கும் ஒரு சிறு வியாபாரி, வென்றவரிடமிருந்து பதிலே வராமல் ஏமாந்து, மெய்யாக வாங்க விரும்பியவர்களையும் இழந்து நிற்பது சிறிய நஷ்டமன்று. அவருக்குத் தற்காப்பு வேண்டும். அந்தத் தற்காப்பு எந்த அடையாளத்தை நம்பி எடுக்கப்படுகிறது என்பதில்தான் குறை தொடங்குகிறது.

இரவு பத்து மணிக்கு ஒரு விற்பனையாளர் தம் பழைய காமிராவின் ஏலப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிய அரைமணி நேரம் இருக்கிறது. திடீரென்று ஒரு புதுப்பெயர் முதலிடத்துக்கு வருகிறது. பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், ஒரு பூஜ்யம். அதன் பொருள், இவரைப் பற்றி இதுவரை யாரும் நல்லதோ கெட்டதோ சொல்லவில்லை என்பது மட்டுமே. ஆனால் விற்பவரின் கண்ணுக்கு அந்தப் பூஜ்யம் ஒரு குற்றச்சாட்டைப் போலத் தோன்றுகிறது. கை ரத்துப் பொத்தானை நோக்கிப் போகிறது. அந்தப் பூஜ்யத்துக்கு அப்பால் இருப்பவர், தாத்தாவிடம் இருந்த காமிராவைப் போல ஒன்றைத் தேடி முதன்முறையாக ஏலத்துக்குள் பிரவேசித்த ஒருவராகவும் இருக்கலாம். எல்லோரும் ஒருகாலத்தில் பூஜ்யத்தில் தொடங்கியவர்கள்தாமே! புதியவரைப் புதியவர் என்பதற்காகவே தள்ளினால், அவர் பழையவராகும் வழியையே அடைத்துவிடுகிறோம்.

பூஜ்யம் குற்றத்தின் சாட்சியல்ல என்பது ஒருபுறமிருக்க, பெரிய எண்ணும் யோக்கியதையின் உறுதியான சாட்சியாக இருப்பதில்லை. பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் ஸெக்கௌஸர் என்ற இரு அறிஞர்கள் 1999-ஆம் ஆண்டின் ஈபே பரிவர்த்தனைகளை ஆராய்ந்தபோது, விற்றவர்களைப் பற்றி வாங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகளில் 100-க்கு 99 சாதகமானவை என்று கண்டார்கள். அவ்வளவும் மனநிறைவினால் எழுந்த புகழ் என்று நம்புவது கடினம். பதிலுக்குத் தமக்கும் கெட்ட மதிப்புரை வருமோ என்ற அச்சத்தில் வாயடைத்தவர்கள் பலர் இருந்திருக்க வேண்டும். இந்தப் பழிவாங்கலை ஒழிக்க, 2008-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, விற்பவர் வாங்குபவரைப் பற்றிப் பாதகமாக எழுதவே கூடாது என்று ஸ்தாபனம் விதித்தது. வாங்குபவர் அச்சமின்றிப் பேச முடிந்தது, இது நன்மை. ஆனால் பணம் கட்டாமல் போனவரைப் பற்றி அடுத்த விற்பனையாளரை எச்சரிக்க வெளிப்படையான வழி அற்றுப்போனது. அன்று முதல் வாங்குபவரின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் எண், எத்தனை முறை அவர் பாராட்டப்பட்டார் என்பதைச் சொல்லுமேயன்றி எத்தனை முறை ஏமாற்றினார் என்பதைச் சொல்லாது.

இதுவரை கேட்பவரைச் சந்தேகித்தோம். விற்பவரே சந்தேகத்துக்குரிய கேள்விதாரராக இருந்தால் என்ன செய்வது? 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒருவர், ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் கைவண்ணமோ என்று பார்ப்பவர் நினைக்கும்படி ஓர் ஓவியத்தை 25 சென்ட் தொடக்க விலையில் ஏலத்துக்கு விட, அது 1,35,805 டாலருக்குப் போயிற்று. விற்றவர் வேறு பெயரில் தாமே கேட்டு விலையை ஏற்றியது தெரியவந்ததும் விற்பனை ரத்தாயிற்று, வழக்கும் தொடர்ந்தது. நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவில், விலையை உயர்த்த விற்பவர் போலிக் கேள்வி கேட்டால் அந்த விற்பனையை வாங்கியவர் தம் விருப்பப்படி ரத்து செய்துகொள்ளலாம் என்று தெளிவாகக் கூறுகிறது. சட்டம் இருக்கிறது, ஆனால் புனைபெயருக்குப் பின்னால் நிற்பது விற்பவரா என்று வாங்கியவர் எப்படி நிரூபிப்பார்?

இந்த இடத்தில் கணக்கு ஒன்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த முறையின் மிகப் பெரிய குறை இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஈபேயில் ஒருவர் தம் உச்சத்தொகையைக் குறித்துவிட்டால், தளம் அவருக்காகத் தேவையான அளவு மட்டும் விலையை ஏற்றிக்கொண்டு போகும். வென்றவர் கொடுப்பது தம் உச்சத்தொகையை அன்று, அடுத்தவரின் உச்சத்தொகைக்குச் சற்று மேற்பட்டதையே. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் விளக்கிய தத்துவத்துக்கு நெருங்கிய இந்த ஏற்பாட்டின் அழகு, உள்ளத்தில் இருப்பதை உள்ளபடி குறிக்க ஒருவர் அஞ்ச வேண்டியதில்லை என்பதாகும். இப்போது அந்தக் காமிராவுக்கு ஒருவர் 300 டாலர் வரை, இன்னொருவர் 500 டாலர் வரை குறித்திருக்கிறார்கள். பொய்யர் இல்லையேல் இரண்டாமவர் 305 டாலருக்கு எடுத்துப் போவார். நடுவில் ஒருவர் 2,000 டாலர் என்று குறித்துவிட்டால், விலை 510-க்கு ஏறி, பொருள் அவர் பெயருக்குப் போகிறது. அவர் பணம் கட்டுவதில்லை. உடனே 'இரண்டாம் வாய்ப்பு' இரண்டாமவருக்குச் செல்கிறது, என்ன விலைக்கு? அவர் குறித்த உச்சமான 500 டாலருக்கு. யாரோ ஒருவர் சொன்ன பொய்யினால் நேர்மையானவர் 195 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார். ஏமாற்றப்பட்டதாகக் கருதப்படும் விற்பனையாளருக்கோ லாபம்! நேர்மையான விற்பனையாளரும் இந்த நிலையில் களங்கப்பட்டவராகவே தெரிவார். வந்து மறைந்தவர் இவருடைய ஆள்தானோ என்று இரண்டாமவர் நினைத்தால், அவரைக் குறை சொல்ல என்னால் இயலவில்லை.

இதற்கு மருந்து நமக்குப் பழக்கமானதே. ஊராட்சியின் புளியமரத்து மகசூலை ஏலம் எடுக்க வருகிறவரும் டேவணித்தொகை கட்டிவிட்டுத்தான் வாய் திறக்க முடியும். வங்கிகள் ஈடு வைத்த சொத்தை விற்கும்போது, 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, எடுத்தவர் கால்பங்கை அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் கட்டியாக வேண்டும்; மீதியைக் கெடுவுக்குள் கட்டத் தவறினால் கட்டியது போய்விடும். அந்தக் கால்பங்கு முழுவதையும் பறிமுதல் செய்வது செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பழைய காமிராவுக்குக் கால்பங்கு தேவையில்லை. பத்தில் ஒரு பங்கு போதும், தோற்றவருக்கு உடனே அது திரும்பிவிட வேண்டும். கையில் பணமில்லாதவர்க்கு அது தடையாகாதா என்ற ஆக்ஷேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. முகமறியாமல் பூஜ்யத்துக்காகத் தள்ளப்படுவதைவிடச் சிறு தொகையைக் கட்டி உள்ளே வருவது அவருக்கும் கௌரவமானது. ஆனால் ஒரு நிபந்தனை: பறிமுதலாகும் டேவணி விற்பவர் கையில் சேரக்கூடாது. சேர்ந்தால், தம் ஆளை விட்டு விலையேற்றுகிறவருக்குத் தம் பணமே தமக்குத் திரும்பி வரும்.

அப்படியொரு விதி வரும்வரை விற்பவர்கள் செய்யக்கூடியது உண்டு. ரத்துப் பொத்தானை அழுத்துமுன் அந்தப் புதியவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ரத்து செய்யுங்கள், அது உங்கள் உரிமை. வென்றவர் பணம் கட்டாமல் மறைந்தாலோ, அவர் ஏற்றிவிட்ட தொகைக்கு இரண்டாமவரை அழைக்காதீர்கள். பொருளை மறுபடியும் ஏலத்துக்கு விடுங்கள்.