காலவளவைச் சொற்களும் அளப்போரும்: உயிலங்குளத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சொற்பொருள் மாற்றம் பற்றிய நம்மவர் ஆய்வுகளிற் கால நீளத்தைக் குறிக்கும் சொற்கள் உரிய இடத்தைப் பெறுவதில்லை. அவற்றைத் தொட்டுச் செல்வோரும் பழைய சொல்லையும் புதிய சொல்லையும் நிரைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். ஒரு சொல் குறித்த காலம் ஏன் நீண்டது, ஏன் குறுகியது என்னும் வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் தரப்படுகின்றன. மக்களின் அசட்டை சொல்லைத் தேய்த்துவிட்டது என்பது ஒன்று. பிறர் வரவால் தூய வழக்கு அழிந்தது என்பது மற்றையது. இவ்விரு விடைகளும் போதியனவல்ல. காலத்தை அளக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதையும் கருதினாலன்றிச் சொல்லின் வரலாறு முழுமையாக விளங்காது. இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு மன்னார்ப் பெருநிலத்தில், மதவாச்சி வீதியில் அமைந்த உயிலங்குளம் தக்க களமாகின்றது.

முதலில் ஆங்கிலத்தை நோக்குவோம். 'சூன்', 'அனன்', 'பிரெசென்ட்லி' என்பன ஒருகாலத்தில் 'இக்கணமே' எனப் பொருள்பட்டவை; பின்னர் 'சிறிது கழித்து' எனத் தளர்ந்தவை. உடனே செய்வதாகச் சொல்லித் தாமதிப்பது மனித இயல்பு என்பதே இதற்குப் பெரிதும் கூறப்படும் விளக்கமாகும். இது ஓரளவு பொருந்தும். ஆயின் 'மோமென்ட்' என்னும் சொல்லுக்கு இவ்விளக்கம் உதவாது. இடைக்கால ஐரோப்பியக் கணிதர் அதனை ஒரு மணித்தியாலத்தின் நாற்பதிலொரு பங்காகக் கொண்டனர். நிமிடமும் செக்கனும் வழக்குக்கு வந்தபின் அது அளவையிழந்து, சிறுபொழுது என்னும் பொதுப்பொருளில் நின்றுவிட்டது. மணித்தியாலமும் அன்று இன்றுள்ளது போன்றதன்று. பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்தமையால் அது கோடையில் நீண்டும் மாரியிற் குறுகியும் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களிற் பொறிமணிக்கூடுகள் எழுந்த பின்னரே சமநீள மணித்தியாலம் பொதுவழக்காயிற்று.

ஈ. பி. தொம்சன் 1967 இல் வெளியிட்ட கட்டுரையில், சோறு வேகும் நேரத்தைக் கால அளவாகக் கொண்ட மடகாஸ்கர் வழக்கு முதலியவற்றைச் சுட்டி, தொழிற்சாலை முறையும் கடிகார ஒழுங்கும் பிணைந்து வளர்ந்தமையை விளக்கினார். வேலையால் நேரத்தை அளந்த மனிதன், நேரத்தால் வேலை அளக்கப்படுபவனாக மாறினான் என்பது அவரது ஆய்விலிருந்து நாம் பெறும் முடிவாகும்.

தமிழிலும் இந்நிலை காணத்தக்கது. கண்ணிமைத்தலையும் கைநொடித்தலையும் எழுத்தொலியின் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் கொண்டது. அங்கு அளவுகோல் மனித உடலே. முல்லைப்பாட்டோ அரசனது பாசறையில் நீர்க்கன்னல் கொண்டு பொழுதளந்து அறிவிக்கும் நாழிகைக் கணக்கரைக் காட்டுகின்றது. நுண்ணிய அளவை அரசிருக்கையை அடுத்து நிற்பது மனங்கொள்ளத்தக்கது. நாழிகை இருபத்துநான்கு நிமிடம். அதன் அறுபதிலொரு கூறாகிய விநாடி இருபத்துநான்கு செக்கன். இன்றோ விநாடி என்பது செக்கனுக்கே பெயராகி, இருபத்துநான்கிலொரு பங்காகச் சுருங்கிவிட்டது. கைநொடியாகிய நொடியும் தமிழகத்தில் அதே அளவுக்குப் பெயராயிற்று. சொல் மாறவில்லை, அளவு மாறிற்று. அகராதிகள் இவ்விரு பொருளையும் அருகருகே வைத்து, எது எப்பொழுது வழங்கிற்று என்பதைச் சொல்லாது விடுவது பெருங்குறையாகும். பழைய ஏடொன்றில் விநாடியைக் காணும் மாணவன் அதனைச் செக்கனாகவே கொள்வான்.

தூய்மை வாதமும் இங்கு நிலைகொள்ளாது. தொல்காப்பியக் களவியலில் வரும் ஓரை என்னும் சொல்லைக் கிரேக்கத்திலிருந்து வடமொழி வழியாக வந்ததெனக் கொண்டு, அந்நூலின் காலத்தைக் கணிக்க வையாபுரிப்பிள்ளை முற்பட்டார். அதனை மறுத்தோரும் உளர். அவர் கொள்கை ஏற்கப்படின், மணித்தியாலத்துக்குரிய ஆங்கிலச் சொல்லும் நமது ஓரையும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல்களாகும். கால அளவைகள் வணிகரோடும் சோதிடரோடும் கடல்கடந்தவை. அவற்றில் தூய பழமையைத் தேடுவது வீண்முயற்சி.

ஈழத்து வழக்கின் தனித்தன்மையும் கருதற்பாலது. கிழமை என்பது அடிப்படையில் உரிமையைக் குறித்தது. ஒவ்வொரு நாளும் ஒரு கோளுக்குரியது என்பதால் நாட்பெயரோடு சேர்ந்தது. இன்று நம்மிடையே ஏழு நாட்களைச் சுட்டுகின்றது. தமிழகத்தில் வாரம் என்னும் சொல்லும் இவ்வாறே ஒரு நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு விரிந்தது. மணி, மணித்தியாலம் என்னும் வேறுபாடும் நமது செல்வமாகும். முன்னது காலப்புள்ளி, பின்னது கால நீளம். அங்கு 'மணி நேரம்' என இருசொல்லாற் சொல்லப்படுவதை இங்கு ஒருசொல் உணர்த்துகின்றது.

இனி உயிலங்குளத்துக்கு வருவோம். இப்பகுதி வயல்கள் பெரும்பாலும் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பியவை. இங்கு ஆண்டு என்பது காலபோகமும் சிறுபோகமுமாகும். போகம் என்பது பஞ்சாங்கத்தால் மட்டும் அமைவதன்று. மழையும் குளத்து நீர்மட்டமும், நீர் திறக்கும் நாளைக் குறிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டமும் சேர்ந்தே அதனை அமைக்கின்றன. நெல்லின் பெயரே காலமாகிவிடுகின்றது. மூன்று மாத நெல், மூன்றரை மாத நெல் என்று உழவர் பேசும்போது அங்கு மாதம் பயிரின் வயது. நீர் போதாத ஆண்டில் அரை மாதமே விளைச்சலுக்கும் அழிவுக்கும் இடைப்பட்ட தூரமாகும். மறுபுறம் தவணை என்னும் சொல் பாடசாலைப் பருவத்தையும் நீதிமன்ற நாளையும் கடன் கட்டும் நாளையும் ஒருங்கே குறிக்கின்றது. போகத்தை நிலமும் நீரும் உழவரும் சேர்ந்து அமைக்கின்றனர். தவணையை அலுவலகம் விதிக்கின்றது. உழவன் இவ்விரண்டுக்கும் இடையிலேயே வாழ்கின்றான்.

அதிகாரம் காலத்தை எவ்வாறு ஆள்கின்றது என்பதை 1996 நேரடியாகவே காட்டிற்று. மின்வெட்டு நெருக்கடியினால் அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டு, ஒக்டோபரில் அரைமணித்தியாலம் பின்னிழுக்கப்பட்டது. எஞ்சிய அரைமணித்தியால முன்தள்ளல் 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் உயிலங்குளம் இருதரப்புப் பகுதிகளுக்குமிடையிலான போக்குவரவு வாயில்களுள் ஒன்றாக இயங்கிற்று. ஒரே வீதியில், ஒரே வெயிலின் கீழ், சிறு தொலைவுக்குள் அரைமணித்தியாலம் தோன்றியும் மறைந்தும் போயிற்று. 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்னும் தொடர்கள் அங்கு வெறும் கடிகாரக் குறிப்புகளல்ல. எவரது ஆட்சி எல்லைக்குள் நிற்கின்றோம் என்பதன் குறிகளுமாகும். சாவடி மூடும் நேரத்தையோ மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தையோ சொல்பவர் எந்த நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. மக்களின் அசட்டை இதனை ஆக்கவில்லை. பிறமொழிக் கலப்பும் ஆக்கவில்லை.

இதனினும் ஆழமான மாற்றத்துக்கு உள்ளானது 'தற்காலிகம்' என்னும் சொல். 1979 இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் தன் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்னும் தொடரைத் தாங்கிற்று. 1982 இல் அதன் கால எல்லை நீக்கப்பட்டது. பெயரிலிருந்த சொல் நீங்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவினரும் பெருநிலத்தினரும் இவ்வெளியேற்றத்துக்குத் தப்பவில்லை. புத்தளத்தில் அவர்களுக்கு அமைந்த தற்காலிக இருப்பிடங்களிற் பல இருபது ஆண்டுகளையும் கடந்தன. ஒரு தலைமுறையின் வாழ்வை முடிக்க இரண்டு மணித்தியாலமும், அதனை மீளத் தொடங்க இருபது ஆண்டும் போதாமற் போயின. ஆங்கிலத்தின் 'பிரெசென்ட்லி' தாமதத்தால் நீண்டதெனின், நமது 'தற்காலிகம்' ஆணையால் நீண்டது. அரசு, இயக்கம் ஆகிய இருசாராரின் ஆணையும் இதில் அடங்கும். ஒன்றைச் சொல்லி மற்றையதை மறைப்பது ஆய்வுமன்று, முற்போக்குமன்று.

எனவே காலவளவைச் சொற்களின் வரலாற்றை எழுதுவோர் மூன்று வினாக்களைத் தவறாது எழுப்புதல் வேண்டும். அச்சொல் எதனால் அளந்தது: உடலாலா, நீராலா, பொறியாலா? எந்த ஆண்டுகளில் அவ்வளவு வழங்கிற்று? அளந்தவர் யார், அளக்கப்பட்டவர் யார்? முதலிரு வினாக்களுக்கு நல்ல அகராதியொன்று விடைதரலாம். மூன்றாவதற்கு விடை காண ஏடுகள் போதா. போகத்தையும் தவணையையும், பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் தம் வாழ்நாளிற் கண்ட மக்கள் உயிலங்குளத்திலும் புத்தளத்திலும் உள்ளனர். அவர்களது பேச்சு ஆண்டுக் குறிப்போடு பதிவுசெய்யப்படல் வேண்டும். அம்முதியோர் இருக்கும்போதே அதனைச் செய்வது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடனாகும்.