இருவினையொப்பும் பிறர் துயரும்

சைவசித்தாந்த நூல்களைப் பயில்வார் ஒருசாரார், பிறர் படுந் துன்பத்தைக் கண்டவிடத்துத் தம் உள்ளம் நெகிழாமையைப் பரிபாகத்தின் அடையாளமாகக் கொள்வர். ‘அவரவர் வினைப்பயனை அவரவர் நுகர்கின்றனர்; அதற்கு இரங்குதல் பற்றின்பாற்படும்; பற்றற்றார்க்கு அஃதில்லை’ என்பது அன்னோர் கூற்று. இன்பதுன்பங்கள் வினைவழி வருமென்பது சித்தாந்தத்திற்கு உடன்பாடே. அதனினின்று இம்முடிபு பெறப்படுமோ என்பதே ஆராயற்பாலது.

இருவினையொப்பாவது, ஒருவன் தன் நல்வினை தீவினை இரண்டனையும் ஒப்பக் கண்டு, அவற்றின் பயன்களில் விருப்பு வெறுப்பின்றி உவர்ப்புக் கொள்ளும் நிலை. ஈண்டுக் கருதப்பட்டன தன்வினையும் தன்பயனுமேயாம். அயலான் பசியும் தன் ஊணும் ஒப்பாமென்று கூறிய சித்தாந்த நூல் யாண்டுளது? தன் தலைநோவுக்கு மருந்து தேடி மூன்று தெருக் கடப்பவன், அண்டைவீட்டான் காய்ச்சலுக்கு மட்டும் வினைக்கொள்கை பேசுவானாயின், அவன்பால் உள்ளது ஒப்பன்று, ஓரமே.

சிவஞானசித்தியார் இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார், இறைவன் தீவினையாளரை ஒறுத்தற்கு, சொற்கேளாப் புதல்வரைப் பெற்றோர் அடித்துத் திருத்துதலை உவமை காட்டினார். வினைப்பயனை ஊட்டுதலும் அருளே என்பது அவ்வுவமையின் கருத்து. அயல்நின்று நோக்கி ‘நமக்கென்ன’ என்று போவான், தந்தை கையிற் கோலைக் கண்டானேயன்றி நெஞ்சில் அன்பைக் கண்டானல்லன். திருவள்ளுவனாரும் துறவறவியலை அருளுடைமை என்னும் அதிகாரத்தாற் றொடங்கினார். பற்றுத் துறப்பார்க்கு முதற்கண் வகுக்கப்பட்டது அருளென்பது அதனாற் போதரும்.

உமாபதி சிவாசாரியார் 1313-இல் இயற்றிய சங்கற்பநிராகரணத்துள் மறுக்கப்பட்ட மதங்களுட் பாடாணவாதமும் ஒன்று. முத்தியில் உயிர் கல்லையொத்துக் கிடக்குமென்பது அம்மதம். முத்திக்கே ஆகாதென விலக்கப்பட்ட கற்றன்மையை இம்மையிற் பேறாகப் பாராட்டுதல் என்ன சித்தாந்தமோ! அறிவை மறைத்து மழுக்குதல் ஆணவத்தின் செயலன்றித் திருவருளின் செயலன்று.

ஈண்டு ஒன்று பிரித்தறிதல் வேண்டும். நோயாளர் அருகே நெடுநாளிருந்து பணிசெய்தாரும், பஞ்சத்தும் கொள்ளைநோயினும் உழைத்தாரும் ஒருகாலத்து உள்ளம் மரத்துப்போதல் உண்டு. அழவேண்டிய இடத்து அழுகை வாராமை அவர்க்கே அச்சந் தருவது. அஃது இளைப்பு; குற்றமன்று, ஞானமுமன்று. இம்மறுப்பு அவர்மேற் செல்வதன்று. இளைப்பறியாதே மரத்தவர், அம்மரப்புக்கு ஞானமென்று பெயரிடுவதன்மேற் செல்வது.

அக்கூற்றுக்கு நேர்விடை போல அமைந்தது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில், இன்று திருச்செங்கோடு என வழங்கும் பதியில், அருளிய திருநீலகண்டத் திருப்பதிகம். கொங்குநாட்டுப் பனிச்சுரம் உடன்வந்த அடியார்களைப் பற்றியபொழுது அது பாடப்பெற்றதென்பர் சேக்கிழார். அதன் முதற்பாட்டு, இவ்வினைக்கு இது பயன் என்று சொல்லும் அளவில் அமைந்து, உய்யும் வழி தேடாதிருத்தல் குறைபாடன்றோ என வினவுகின்றது. பிள்ளையார் வினையை மறுத்தாரல்லர். வினையைச் சொல்லிக்கொண்டு வாளாவிருத்தலையே மறுத்தார்.

‘அது தத்தம் பிறவியினின்று உய்தலைப் பற்றியதே, பிறர் நோயைப் பற்றியதன்று’ என்பாரும் உளர். பாட்டின் சொற்கள் பிறவிப்பிணியையுந் தழுவுவன என்பது மெய்யே. ஆயினும் சுரமுற்றார் அடியார். வினை தீண்டாதென ஆணையிடுமிடத்துப் பிள்ளையார் கொண்டதோ தன்மைப் பன்மை. அவர்தம் மெய்யின் வெம்மை இவர்தம் மெய்யிற் பட்டதுபோலும்! பிறர் துன்பம் பிறர்க்கே என்பார் இப்பன்மைக்கு என்ன பொருள் கூறுவர்?

இரண்டாம் பாட்டிற் சோலை வைத்தலும் குளம் பல தோண்டுதலும் மலர்கொய்து வழிபடுதலோடு ஒருங்கு எண்ணப்பட்டன. கனிந்த மனம் அவ்விரண்டையும் அடுத்துக் கூறப்பட்டது. வைப்புமுறைக்கு வலிந்து பொருள்கோடல் வேண்டா. எனினும் மனங்கனியுங்காறும் மண்வெட்டியைத் தொடாதிருக்க அப்பாட்டு இடந்தருவதாகத் தோன்றவில்லை. பிள்ளையார் ஆணை தம் பரிசனத்தோடு நின்றதுமன்று. அந்நாட்டினின்றும் அந்நோய் அகன்றது என்பதே புராணங் கூறும் வரலாறு.