விளக்கு ஒன்று, நட்சத்திரம் முந்நூறு

எங்கள் படுக்கையறைக் கூரையில் முந்நூறு நட்சத்திரங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் விளக்கு ஒன்றே ஒன்றுதான்: ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும் 16 வாட் எல்இடி. ‘ஸ்டார் சீலிங் கிட்’ என்று இணையக் கடைகளில் விற்கும் இந்தச் சாமானை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கி மாட்டி மூன்று மாதம் ஆகிறது. கூரை நன்றாகவே வந்திருக்கிறது. பெட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் கோட்டைவிட்டேன்.

நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஓர் இழையின் நுனி. பெட்டியின் ஒரு முகப்பில் அந்த இழைகளைக் கற்றையாகக் கட்டிச் செருக வேண்டும். கண்ணாடி இழை அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். நடுவிலுள்ள உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் 1.49. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய மேலுறைக்கு அது 1.40 வாக்கில் இருக்கும். அந்தச் சிறு வித்தியாசம் போதும். சாய்வாக வந்து மோதும் ஒளி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே திரும்பித் திரும்பிக் கடைசிவரை போய்விடுகிறது. பள்ளியில் ‘முழு அக எதிரொளிப்பு’ என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். 1841-இல் ஜெனீவாவில் கொலாடன் என்பவர் தண்ணீர்த் தாரையில் இதைச் செய்து காட்டினார். நீர் வளைந்து விழ, ஒளியும் கூடவே வளைந்தது. இழைக் கற்றை வழியே படத்தையே கடத்தலாம் என்று 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய இருவரில் ஒருவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

இழையில் மின்சாரம் கிடையாது. நுனியைத் தொட்டால் சூடும் தெரியாது. அருங்காட்சியகப் பேழைகளிலும் நீச்சல் குளங்களிலும் இதை விரும்புவது அதனால்தான். ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் கூரையில் 800 முதல் 1,600 வரை இதே இழைகளைக் கையாலேயே கோக்கிறார்கள்.

நாங்களும் கையால்தான் கோத்தோம். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகைக்குக் கறுப்பு அடித்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கிடத்தி, மகளும் நானும் இரண்டு மாலை உட்கார்ந்தோம். கிட்டில் முக்கால் மில்லிமீட்டர் இழைதான் அதிகம். ஒன்றரை மில்லிமீட்டரில் கொஞ்சம் தந்திருந்தார்கள். தடித்ததையெல்லாம் சப்தரிஷி மண்டலத்துக்கு ஒதுக்கினோம். “அப்பா, வசிஷ்டர் பக்கத்துல அருந்ததி வேணாமா?” என்றாள். வசிஷ்டரை ஒட்டி முக்கால் மில்லி இழை ஒன்றைச் செருகினோம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், வானத்தில் தேடுவதைப் போலவே கண்ணைச் சுருக்கித்தான் தேட வேண்டியிருக்கிறது. இந்தக் கிட்டில் எனக்குப் பிடித்த ஒரே நட்சத்திரம் அதுதான்.

பின்பக்கம் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு ஃபெவிகால். காய்ந்தபின், முன்பக்கம் நீண்டிருப்பதை நகவெட்டியால் நறுக்கலாம். மட்டமாக வெட்டாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டால் ஓரத்திலிருந்து பார்க்கும்போதும் புள்ளி தெரிகிறது. இழையைக் கூர்மையாக மடக்கினால் அந்த இடத்திலேயே ஒளி கசிந்து நட்சத்திரம் மங்கிவிடும். பெரிய வளைவாக விட வேண்டும்.

மினுக்கல் வேண்டுமென்றால், விளக்குக்கும் கற்றைக்கும் நடுவே துளையிட்ட வட்டு ஒன்று சுழல்கிறது. அதன் மோட்டார் ராத்திரியில் சுவர்க்கோழி மாதிரி கிர்ரென்கிறது. நல்லவேளை, ரிமோட்டில் அதை மட்டும் நிறுத்தலாம். சீலிங் ஃபேன் இறக்கைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட நட்சத்திரங்கள் எப்படியும் இலவசமாக மினுக்குகின்றன! விளக்கை இயக்கக் கைபேசியில் ஏற்றிய செயலியை ஒரு வாரத்தில் நீக்கிவிட்டேன். ரேடியோ ரிமோட் பலகையைத் தாண்டியும் வேலை செய்யும்போது அதற்குத் தேவையே இல்லை. பதினாறு நிறம் தருகிறார்கள். வெள்ளையைத் தவிர மற்றதெல்லாம் கல்யாண மண்டபத்தை நினைவூட்டுகிறது. படிக்கிற வெளிச்சத்தை இதனிடம் எதிர்பார்க்காதீர்கள். எல்இடியின் ஒளியில் பெரும்பகுதி கற்றைக்குள் நுழையாமலே வீணாகிறது.

இப்போது அந்தக் கோளாறுக்கு வருகிறேன். “மூணு மீட்டர் போதும் சார்” என்றார் விற்றவர். மூன்று மீட்டர் என்பது பத்தடிகூட இல்லை. பரணில் பெட்டியை வைத்தால் பலகையின் மறுமுனைக்கு இழை எட்டவில்லை. அதனால் பெட்டியைப் பலகையின் முதுகிலேயே வைத்து ஃபால்ஸ் சீலிங்கை மூடிவிட்டோம். ஒரு மாதத்தில் பெட்டிக்குப் போகும் மின்செருகி தளர்ந்தது. முந்நூறும் ஒரே நொடியில் அணைந்தன. செருகியை அழுத்த அரை நிமிடம். அதை எட்டுவதற்கு ஜிப்சம் போர்டில் கதவு வெட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்க இரண்டாயிரம் ரூபாய்.

நான்கு மீட்டர் இழையுள்ள கிட் என்றால் தயங்காமல் வாங்கலாம். எதற்கும் பணம் கட்டும் முன், பெட்டி வைக்கப்போகும் பரணிலிருந்து கடைசி நட்சத்திரம் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்துவிடுங்கள்.